எல்லா வெளிச்சத்தையும் கண்டவர்

இரத்தத்தில் சீனி பார்க்கப் போவதென்றால் அன்ரி ஒரு கிழமைக்கு முன்பே தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை நிறுத்திவிடுவார். சோறு அரைவாசியாகும். போகிற நாளில் பூசைக்குக் கட்டும் நீலச் சீலையைக் கட்டி, அதன்மேல் குளிர்க்கோட்டை மாட்டி, ஆஸ்பத்திரி அட்டையைக் கையில் பிடித்தபடி லிஃப்ட்டுக்கு முன்னால் நிற்பார். முடிவு வந்த அன்று எங்கள் கதவைத் தட்டி, உள்ளே வராமல் வாசலில் நின்றே சொல்வார்.

"பாஸ்."

அம்மாவுக்குச் சிரிப்பு வரும். "வருத்தம் இருக்கோ இல்லையோ எண்டு பாக்கத்தானே போனனீங்கள். ஒரு கிழமை பட்டினி கிடந்திட்டுப் போனால் அவங்களுக்கு என்ன தெரியும்?"

"அவங்களுக்கு ஒண்டும் தெரிய வேண்டாம். எனக்குப் பாஸ் வேணும்."

கியூபெக்கில், எங்கள் கட்டடத்தில் அவர் எதிர்வீடு. மன்னாரிலிருந்து வந்தவர். டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் வேலை. தட்டில் பாணுக்கு ஒரு மூலை, வெண்ணெய்க்கு ஒரு மூலை, கரண்டிக்கு ஒரு மூலை. மேற்பார்வையாளர் வந்து பார்க்கும்போது தன் வரிசைத் தட்டுகளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைப்பாராம், தானே கேட்டு வாங்கிய சோதனைபோல. கட்டடத்துக்குக் கரப்பான் பூச்சி பார்க்க ஆள் வருகிற நாளில் இரண்டு வீட்டு அடுப்புகளையும் தேய்ப்பார், தன்னுடையதை முதலில், எங்களுடையதைப் பிறகு. குடியுரிமைச் சோதனைக்குப் படித்த காலத்தில் இந்த நாட்டின் ஆறுகள் முழுவதையும் வெட்டிய பால்பெட்டி அட்டைகளில் தமிழில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். சோதனையில் ஆறுகளைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. அது அவருக்குக் கடைசிவரை ஒரு குறை.

அன்ரி இறந்து ஒரு வருடமாகிறது. ரொறொன்ரோவில், தங்கையின் மகள் வீட்டில், நித்திரையிலேயே போனார். செத்தவீட்டில் எல்லோரும் அவருடைய கைப்பக்குவத்தைப் பற்றிக் கதைத்தார்கள். நான் சொல்ல வேண்டியதை அங்கே நின்று சொல்ல முடியாது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அப்பா சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவினார். நான் பிரெஞ்சில் ஐந்து வருடம் படித்துக் கண் பரிசோதகராக வந்தபோது, கோயிலில் மெழுகுதிரி கொளுத்தியது அன்ரிதான். சந்திக்கிற சனத்துக்கெல்லாம் "எங்கட கண் டொக்டர்" என்று என்னைக் காட்டுவார்.

"கண் டொக்டர் வேறை அன்ரி. அவை ஒப்பரேசன் செய்யிறவை. நாங்கள் பாத்துச் சொல்லுறது, கண்ணாடி குடுக்கிறது."

"சோதினை பாஸ் பண்ணினனிதானே? பேந்தென்ன?"

எனக்கும் அது பிடித்திருந்தது. லொங்குய்யில், மெற்றோ மஞ்சள் கோடு முடிகிற இடத்துக்குக் கிட்ட ஒரு கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்தது. உள்ளறைக் கதவில் என் பெயர் ஒட்டியிருந்தார்கள். போகும்போதும் வரும்போதும் அதைப் பார்ப்பேன். வாசிக்கிற தேவை இல்லாமலே பார்ப்பேன்.

அந்த வசந்தத்தில் அன்ரி நீலச் சீலையில் கடைக்கு வந்தார். மெற்றோ ஆற்றுக்குக் கீழாகப் போகிறது என்று யாரோ சொல்லியிருந்ததால் வழி முழுக்கச் செபமாலை சொல்லி வந்ததாகச் சொன்னார். எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை வாசித்தார். கண்ணின் அழுத்தம் சரியாக இருந்தது. கண்ணின் பின்பக்க நரம்பைப் படம் எடுத்தேன். பிறகு பக்கப் பார்வையைச் சோதிக்கிற இயந்திரத்தில் இருத்தினேன். வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் நாடியை வைத்து நடுவில் பார்க்க வேண்டும். அங்கும் இங்கும் சின்னச் சின்ன வெளிச்சம் வந்து போகும். தெரிகிற ஒவ்வொரு தடவையும் கையிலுள்ள பொத்தானை அமத்த வேண்டும்.

அன்ரி ஒன்றைக்கூட விடவில்லை. தாள் ஏறக்குறைய வெள்ளையாக வந்தது. ஒரு இலக்கத்துக்குப் பக்கத்தில் இரண்டு பெருக்கல் குறி இருந்தது. காட்டாத வெளிச்சத்துக்கும் அமத்தியிருக்கிறார், இந்தச் சோதனையை நம்ப வேண்டாம் என்பதற்கு அதுதான் அடையாளம். எனக்கு அது தெரியும். படித்திருக்கிறேன். அன்ரி அவசரக்காரி, பதற்றத்தில் கூட ஒன்றிரண்டு அமத்தியிருப்பார் என்று நினைத்தேன். வெளியே வேறு ஆட்களும் காத்திருந்தார்கள்.

"பாஸோ, பிள்ளை?"

"பாஸ், அன்ரி."

அடுத்த வருடம் கடையிலிருந்து நினைவூட்டிக் கடிதம் போனது. அன்ரி வரவில்லை. படிக்கட்டில் பிடித்துக் கேட்டேன்.

"பாஸ் பண்ணின சோதினையை ஆராவது திரும்பப் போய் எழுதுவினமோ?" என்றார்.

அதே வருடம் இலையுதிர் காலத்தில் நகரத்து ஆஸ்பத்திரியொன்றில் எங்களைப் போன்ற கடைப் பரிசோதகர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். ஆறு சனிக்கிழமை. குளுக்கோமாவைப் பற்றியது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு, நோவில்லாமல், சொல்லாமல், விளிம்பிலிருந்து தேய்ந்துகொண்டு போகிற நோய். பாதிப் பார்வை போன பிறகுதான் சனங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். முதலில் உங்களிடம்தான் வருகிறார்கள், நீங்கள் கண்டுபிடித்து அனுப்பினால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் எங்களுக்குப் படிப்பித்த கண் வைத்தியர். நரை முடியைக் குட்டையாக வெட்டியிருந்த கியூபெக் அம்மா. ஒரு சொல்லை இரண்டு தரம் சொல்லமாட்டார். அழுத்தத்தின் இலக்கத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு தேயும், நரம்பைப் பாருங்கள் என்றார். எழுதுகிற கடிதத்தில் மூன்று விடயம் இருக்க வேண்டும் என்றார்: இன்று என்ன கண்டீர்கள், முன்பு எப்படி இருந்தது, எவ்வளவு கெதியாக மாறியது. "தயவுசெய்து பார்க்கவும்" என்று மட்டும் எழுதினால் அந்தக் கடிதம் அடுக்கின் அடியில் கிடக்கும்.

நாலாவது சனிக்கிழமைக்கு நாங்கள் ஒவ்வொருவரும் நலமான கண்ணுள்ள ஒருவரைக் கூட்டி வர வேண்டும். வைத்தியர் தன் நோயாளிகளில் சிலரை இடையில் கலந்து இருத்துவார். யார் யாரென்று சொல்லமாட்டார். நாங்கள் கதிரை கதிரையாகப் போய்க் கண்ணைப் பார்த்து, "நலம்" அல்லது "சந்தேகம்" என்று எழுத வேண்டும்.

நலமான கண் என்றதும் எனக்கு வேறு ஆள் நினைவுக்கு வரவில்லை.

அன்ரிக்கு ஐந்தாம் கதிரை. நீலச் சீலை. காலைச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு வந்திருந்தார். ஒவ்வொரு பரிசோதகரும் குனிந்து விளக்கடித்துப் பார்த்து நிமிர்ந்ததும் "பாஸ்?" என்று கேட்டார். அந்தச் சொல் அவர்களுக்கு விளங்காவிட்டாலும் அவருடைய சிரிப்பு விளங்கியது. எல்லோரும் திருப்பிச் சிரித்தார்கள். தாங்கள் கூட்டி வந்த ஆளைத் தாங்கள் பார்க்கக் கூடாது என்பதால் நான் மட்டும் ஐந்தாம் கதிரைக்குப் போகவில்லை. தூரத்திலிருந்து கையைக் காட்டினேன். அவரும் காட்டினார்.

கடைசியில் வைத்தியர் தாள்களைச் சேர்த்து வாசித்தார். நாலாம் கதிரை, நலம். ஐந்தாம் கதிரை, சந்தேகம். பதினொரு பேரில் என்னைத் தவிர்ந்த பத்துப் பேரும்.

வைத்தியர் தாளைத் திரும்பப் பார்த்தார். பிறகு தானே போய் அன்ரிக்கு முன்னால் இருந்து நெடுநேரம் பார்த்தார். இரண்டு கண்ணையும். அன்ரி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார், அசைந்தால் புள்ளி குறைந்துவிடும் என்பதுபோல.

"இரண்டு நரம்பும் மெலிந்திருக்கிறது. வலது பக்கம் மோசம். இவரை யார் கூட்டி வந்தது?"

"நான்."

"நலமான கண் என்றா?"

நான் தலையாட்டினேன்.

"இவருக்கு முன்பு யாராவது கண் பரிசோதனை செய்ததுண்டா? பழைய படம், தாள் ஏதாவது?"

கேள்வி என்னிடம்தான் வந்தது. பழைய படம் லொங்குய்யில் என் அறை அலுமாரியில் இருந்தது. அதற்குக் கீழே "நலம்" என்ற சொல்லும் என் கையெழுத்தும் இருந்தன. இரண்டு பெருக்கல் குறி போட்ட தாளும் அதே கோப்பில்.

நான் வாயைத் திறக்க முன்பு அன்ரி பதில் சொன்னார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு கொஞ்சம்தான். அதில் சோதனை என்ற சொல் முதலாவது.

"நோ, மதாம். ஜமே. பிறெமியே ஃபுவா." இல்லை, ஒருநாளும் இல்லை, இதுதான் முதல் தரம்.

வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்தத் தரையில் இரண்டு நிறக் கற்கள், ஒன்றுவிட்டு ஒன்று பதித்திருந்தார்கள்.

"சரி. அப்படியானால் நீங்கள் எழுதும் முதல் கடிதம் இவருடையதாக இருக்கட்டும். வழமையான வழியில் அனுப்புங்கள்," என்றார்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் கேட்டேன்.

"ஏன் அன்ரி அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"பிள்ளை, அந்த மனிசி சோதிச்சது உன்னை. என்னையில்லை. சோதிக்கிற ஆக்களின்ர முகம் எனக்குத் தெரியாதே?"

"உங்கட கண்ணிலை வருத்தம் இருக்கு அன்ரி. கடையிலை வெளிச்சம் காட்டின மிசினிலை எல்லாம் தெரியுது எண்டு அமத்தினீங்கள்."

அவர் யன்னலைப் பார்த்தார். "அந்த மிசின் ஒவ்வொரு தரமும் சின்னதா ஒரு சத்தம் போடும். டிக் எண்டு. சத்தம் கேட்டால் அமத்துவன்."

"வெளிச்சம் தெரிஞ்சதோ?"

"சிலது தெரிஞ்சது."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மீதுதான் வந்தது, அதை ஒளிக்க விரும்பவில்லை. "தெரியாட்டித் தெரியேல்லை எண்டு இருக்கலாம்தானே. என்ன, பிடிச்சுத் திருப்பி அனுப்பிப்போடுவினமோ?"

இரண்டு தரிப்பு போன பிறகு அன்ரி தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். இருவரும் ஒன்றாக வந்து அகதி விசாரணைக்குப் போனவர்கள். அதிகாரி கேட்டதற்கெல்லாம் அன்ரி திகதி, நேரம், ஆமி வந்த ஜீப்பின் நிறம் எல்லாம் சொன்னார். தெரியாததையும் சொன்னார். தம்பி நேர்மையான பெடியன். நினைவில்லாததை நினைவில்லை என்றான். எத்தனை பேர் வந்தார்கள் என்றதற்குத் தெரியாது என்றான்.

"என்னை வைச்சிருந்தாங்கள். அவனைத் திருப்பி அனுப்பினாங்கள். தெரியாது எண்டு சொன்னவன் போயிட்டான் பிள்ளை. அங்கை போய் மூண்டாம் மாசம் கடிதமும் நிண்டுபோச்சு."



திங்கட்கிழமை கடிதம் எழுதினேன். இன்று என்ன கண்டேன் என்பதை நன்றாக எழுதினேன். அளவுகள், ஆஸ்பத்திரியில் எடுத்த படம், எல்லாம். முன்பு எப்படி இருந்தது என்ற இடத்தில் பேனையை நிறுத்தினேன். அலுமாரியிலிருந்த கோப்பை எடுத்து இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழைய படத்திலேயே வலது நரம்பின் விளிம்பு மெலிந்திருந்தது. புதிய படத்தில் அந்த இடத்தில் விளிம்பே இல்லை. ஒன்றரை வருடம். இரண்டையும் சேர்த்து அனுப்பியிருந்தால் ஒரு தாதி பார்த்தாலே அவசரம் என்று ஒதுக்கியிருப்பார். கோப்பை மூடி வைத்தேன். "முதல் பரிசோதனை. சந்தேகம்," என்று எழுதினேன்.

பதில் வந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு திகதி.

எட்டு மாதத்தில் என்ன ஆகப்போகிறது, குளுக்கோமா ஆறுதலாகப் போகிற நோய்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிலருக்கு அப்படித்தான். பயிற்சியின் கடைசி நாளில் எனக்குச் சான்றிதழ் தந்தார்கள். அன்ரி அதைத் தன் கையில் வாங்கிப் பார்த்து, சுவரில் மாட்ட ஒரு சட்டம் வாங்கி வந்து கொடுத்தார்.

பனி தொடங்கியது. மூலைக் கடை டெப்பனருக்குப் பால் வாங்கப் போனவர் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு வந்தார். வேலையிடத்தில் அவருடைய தட்டுகள் பிசகுவதாகவும், தட்டுக் கழுவுகிற பக்கத்துக்கு மாற்றிவிட்டதாகவும் வேறு ஆள் மூலம் கேள்விப்பட்டோம். அவர் சொல்லவில்லை. நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு ஒரு ஞாயிறு எங்கள் வீட்டில் தேத்தண்ணி ஊற்றினார். அது அவருடைய உரிமை, யாருக்கும் விடமாட்டார். கேத்தலைச் சரித்தார். தேத்தண்ணி கோப்பைக்கு ஒரு விரல் தள்ளி, மேசை விரிப்பில் ஊற்றிக்கொண்டிருந்தது. ஆவி பறந்தது. அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"அக்கா!" என்றார் அம்மா.

அன்ரி கேத்தலை நிமிர்த்தினார். விரலால் கோப்பையைத் தேடித் தொட்டார். அது வெறுமையாக இருந்தது.

"உங்கட மேசை கோணல். எத்தினை தரம் சொன்னனான், காலுக்கு ஒரு மட்டை வையுங்கோ எண்டு," என்றார். அம்மா துடைத்தார். அன்ரி குனிந்து மேசையின் காலை ஆட்டிப் பார்த்தார். மேசை ஆடவில்லை.

அடுத்த நாள் கடை திறக்க முன்பே போய் இரண்டாவது கடிதத்தை எழுதினேன். முதலாவது கடிதத்தில் எழுதியது பொய் என்று தொடங்கினேன். இவரை இரண்டு வருடத்துக்குக் கிட்ட முன்பு பரிசோதித்தது நான், நரம்பு மெலிந்திருந்ததை நான் காணவில்லை, பக்கப் பார்வைத் தாளை நம்ப வேண்டாம் என்று இயந்திரம் சொன்னதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டு படமும் தாளும் வைத்தேன். வைத்தியரின் பெயருக்கே அனுப்பினேன். ஒன்பதாம் நாள் வரச் சொல்லிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் இயந்திரம் வைத்திருந்த அறைக்கு வெளியே அன்ரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"அன்ரி, இண்டைக்குப் பாஸ் பண்ண வேண்டாம்."

"என்ன விசர்க்கதை இது?"

"வெளிச்சம் தெரிஞ்சால் மட்டும் அமத்துங்கோ. சத்தத்துக்கு அமத்தாதேங்கோ. தெரியாட்டிச் சும்மா இருங்கோ."

"சும்மா இருந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பினம்?"

"உங்களுக்குக் கெதியா மருந்து வேணும் எண்டு நினைப்பினம். இது ஒண்டிலை மட்டும் பெயிலாகுங்கோ அன்ரி. எனக்காக."

அவர் சீலைத் தலைப்பைச் சரிசெய்தார். "நீ கேட்கிறாய் எண்டபடியால்," என்று சொல்லி உள்ளே போனார்.

கதவு பாதி திறந்திருந்தது. இடது கண் முதலில். டிக் என்றது, பொத்தான் சத்தம் கேட்டது. டிக், பொத்தான். இரண்டு தடவை டிக், ஒரு பொத்தான். பிறகு வலது கண்ணுக்கு மாற்றினார்கள். டிக். டிக். டிக். நான் பொத்தானுக்காகக் காதைக் கூர்மையாக்கினேன். இயந்திரம் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. இயக்குகிற பெண்ணுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"மதாம், நித்திரையா?"

"நோ," என்றார் அன்ரி. கொஞ்சம் பொறுத்து, மிகச் சிறிய குரலில், "ஜ வுவா பா" என்றார். எனக்குத் தெரியவில்லை என்பதுதான் அதன் பொருள்.

இத்தனை வருடத்தில் எந்த மொழியிலும் அவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

வலது கண் ஏறக்குறைய முழுதும் போய்விட்டது என்றார் வைத்தியர். போனது வராது. இடது கண்ணில் நடுப்பகுதி இருக்கிறது. அதைக் காக்க இன்றே மருந்து, அடுத்த மாதம் சத்திரசிகிச்சை. எல்லாவற்றையும் அன்ரிக்குத் தமிழில் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டினார். எழும்பும்போது வைத்தியர் என்னிடம் சொன்னார்: "இரண்டாவது கடிதம் நல்ல கடிதம். இலையுதிர் காலத்தில் வந்திருக்க வேண்டும்."

நடைபாதையில் அன்ரி கேட்டார். "கடைசியா என்னவோ சொன்னவ. உன்ர முகம் மாறிச்சுது. என்ன?"

சொன்னேன். கடிதத்தில் எழுதியதையும் சொன்னேன்.

அவர் நின்றுவிட்டார். கண்ணைப் பற்றிச் சொன்னபோது கலங்காத முகம் இப்போது கலங்கியது.

"ஆரடி உன்னைக் கேட்டது? கேக்காத கேள்விக்கு ஆராவது பதில் சொல்லுவினமோ?"

"அன்ரி, உங்கட கண்—"

"என்ர கண் என்ர பாடு. கொம்மா ஊராற்றை கக்கூசெல்லாம் கழுவி உன்னைப் படிப்பிச்சவள். கதவிலை பேர் போட்டிருக்கு எண்டு நான் எத்தினை பேருக்குச் சொன்னனான். அதை நீயே போய்ப் பழுதாக்கிப்போட்டு வந்து நிக்கிறாய். நான்தான் சொன்னனானே, முதல் தரம் எண்டு! அதோடை விட்டிருக்கலாம்தானே!"

ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய கையைப் பிடிக்கப் போனேன். உதறினார். மெற்றோவுக்குப் போகிற நடைபாதையின் வலப்பக்கம் முழுவதும் தள்ளி வைத்த பனி கல்லாக இறுகிக் கிடந்தது. அன்ரி அதை நோக்கிச் சாய்ந்து சாய்ந்து நடந்தார். நான் ஓடிப்போய் அவருக்கும் பனிக்கும் நடுவே புகுந்து, தொடாமல், அவரோடு நடந்தேன். நான் அந்தப் பக்கம் வந்தது அவருக்குத் தெரியவில்லை. இடப்பக்கம் முகத்தைத் திருப்பி, அங்கே யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து, மெற்றோ வாசல்வரை என்னை ஏசிக்கொண்டே வந்தார்.